மண்டபமும் ஒலியும்

சொல் கேளாமற்போவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒலி குறைந்தாற் சொல் செவியை எட்டாது. ஒலி அளவுக்கு மிஞ்சித் தங்கினாலோ எட்டிய சொல்லும் விளங்காது. முதலாவதை எவரும் அறிவர். இரண்டாவதை மாந்தர் நெடுங்காலம் அனுபவித்தார்களேயன்றி அதன் இயல்பை அறிந்தாரல்லர். பெரிய மண்டபமொன்றிலே பேசுவோர் தொண்டை வறளப் பேசுகின்றார். அவர் குரல் கூரைவரை நிறைந்து முழங்குகின்றது. ஆயினும் பின்வரிசையில் இருப்போர் ஒரு வாக்கியமும் பிடிபடாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கின்றனர். இக்குறைக்குக் காரணம் பேசுவோருமல்லர், கேட்போருமல்லர். அவர்களைச் சூழ்ந்து நிற்கும் சுவர்களே என்பதை உணர்ந்து, அச்சுவர்களின் குற்றத்தை எண்ணால் அளந்து காட்டிய வரலாறு, நவீன விஞ்ஞானத்தின் சுவையான பகுதிகளுள் ஒன்றாகும்.

ஒலியைப் பேணும் கலை மிகப் பழையது. கிரேக்கர் மலைச்சரிவுகளிலே அரைவட்டமாகப் படி செதுக்கி அரங்குகள் அமைத்தனர். கி. மு. நான்காம் நூற்றாண்டில் எபிடோரஸ் என்னும் ஊரில் அவர்கள் கட்டிய அரங்கிலே பதினாலாயிரம் பேர்வரை அமர்ந்து நாடகம் பார்க்கலாம். உரோம நாட்டுக் கட்டடக் கலைஞரான விற்றுருவியஸ், கி. மு. முதலாம் நூற்றாண்டிற் கட்டடக்கலை பற்றிப் பத்துப் பாகங்கள் கொண்ட நூலொன்றை எழுதினார். அதன் ஐந்தாம் பாகத்தில், அரங்கு அமைத்தற்குரிய இடங்களை அவை ஒலியைக் கெடுக்குமோ வளர்க்குமோ என்பது நோக்கி வகைப்படுத்தினார். இசைச் சுரங்களுக்கு இசைய வார்த்த வெண்கலப் பாத்திரங்களை ஆசனப் படிகளின் நடுவே மாடங்களில் வைக்கும் முறையையும் அவர் கூறியுள்ளார். கொறிந்து நகரை அழித்த உரோமத் தளபதி மும்மியஸ், அந்நகரத்து அரங்கிலிருந்த அத்தகைய பாத்திரங்களை உரோமாபுரிக்குக் கொண்டுசென்று சந்திரதேவியின் கோயிலுக்குக் காணிக்கையாக்கினான் என்பதும் அவர் தரும் செய்தியே. அப்பாத்திரங்கள் உண்மையில் எவ்வளவு பயன் தந்தன என்பது வேறு கேள்வி. கட்டடம் கட்டுவோன் ஒலியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்ற நினைவு அன்றே இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

ஆனால், கிரேக்கரின் அரங்குக்கும் பிற்காலத்தார் கட்டிய மண்டபத்துக்கும் இடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. கிரேக்க அரங்குக்குக் கூரை இல்லை. நடிகனின் வாயினின்று புறப்பட்ட ஒலி கேட்போரைத் தீண்டியபின் வானவெளியிற் கலந்து மறைந்துவிடும். திரும்பிவந்து அடுத்த சொல்லோடு மோதாது. அதே அரைவட்ட வடிவத்தை நாற்புறமும் சுவரெழுப்பி மேலே வளைகூரை மூடிக் கட்டினால், வெளியேற வழியற்ற ஒலி சுவரிற் பட்டுக் கூரையிற் பட்டு மீண்டும் மீண்டும் தெறித்துக்கொண்டிருக்கும். வடிவத்தைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்த கட்டடக் கலைஞர்கள், வானம் என்னும் பெருஞ் சாளரம் அடைபட்டதைப் பொருட்படுத்தாது விட்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பிய நகரங்களிலும் அமெரிக்க நகரங்களிலும் பாராளுமன்றங்கள், பல்கலைக்கழகங்கள், இசை மண்டபங்கள் என்பன ஒன்றையொன்று விஞ்சும் அளவிற் கட்டப்பட்டபோது இவ்வறியாமையின் விலை தெரியலாயிற்று. அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்து முதற் செயலாளரான ஜோசப் ஹென்றி, 1856இல் இப்பொருள் பற்றி ஆராய்ந்து, ஒலி ஓர் அறையிலே தங்கும் காலம் அறையின் பருமையையும், ஒலியின் வலிமையையும், சுவர்களின் நிலையையும், அவை எப்பொருளால் ஆயின என்பதையும் பொறுத்தது என்று தெளிவாகக் கூறினார். காரணங்கள் யாவும் அவர் கையில் இருந்தன. அளவு ஒன்றுதான் இருக்கவில்லை. எவ்வளவு சுவருக்கு எவ்வளவு நேரம் என்ற கணக்கு இல்லாதவிடத்துக் கட்டுவோனுக்கு அவ்வறிவினாற் பெரும் பயன் விளையவில்லை.

1871இல் லண்டன் மாநகரில் திறக்கப்பெற்ற றோயல் அல்பேட் மண்டபம் இதற்குப் பேர்போன சான்றாகும். அதன் பெருங் குவிமாடத்தினின்று ஒலி தெளிவான எதிரொலியாய்த் திரும்பிவந்து, பாட்டை இருமுறை கேட்கச் செய்தது. அக்குறையைத் தணிக்கக் கூரையின் கீழே துணி விரித்தும் பார்த்தனர். ஏறத்தாழ நூறு ஆண்டு கழிந்து, 1969இலே காளான் வடிவான தட்டுக்களைக் கூரையினின்று தொங்கவிட்ட பின்னரே அந்நோய் பெரிதும் தணிந்தது. 1875இல் திறக்கப்பெற்ற பாரிஸ் இசைநாடக மாளிகையைக் கட்டிய கார்னியே என்பார், ஒலி பற்றிய நூல்களையும் அறிஞர்களையும் நாடி ஒரு விதியுங் கிடைக்காமல் இறுதியில் அதிர்ஷ்டத்தையே நம்பினதாக எழுதிவைத்தார். இன்னுஞ் சிலர் மண்டபங்களின் குறுக்கே கம்பிகளை இழுத்துக் கட்டினால் ஒலிக் குற்றம் நீங்கும் என்று நம்பினர். நூற்றுக்கணக்கான அடி நீளமான கம்பிகள் பல மண்டபங்களிற் கட்டப்பட்டன. ஒலியோ அவற்றைச் சிறிதும் மதியாது தன் போக்கிலே போயிற்று.

நிலைமை இவ்வாறிருக்கையில், 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபொக் கலைக்கூடம் என்னும் அழகிய கட்டடம் திறக்கப்பட்டது. அதனுள் விரிவுரை மண்டபமொன்று அரைவட்ட அமைப்பில் இருந்தது. கலை வரலாற்றைக் கற்பிப்பதற்கென்றே கட்டிய அம்மண்டபத்திற் கற்பிக்க வந்தவர் எவரும் தம் பேச்சை மாணாக்கருக்கு விளங்கவைக்க இயலவில்லை. பெரும் பொருள் செலவழித்துக் கட்டிய மண்டபம் பயனின்றிக் கிடந்தது. பல்கலைக்கழகத் தலைவர் சார்ள்ஸ் எலியற், பௌதிகப் பகுதியைச் சேர்ந்த இளம் உதவிப் பேராசிரியர் ஒருவரை அழைத்து, இக்குறையைத் தீர்க்க வழி காணுமாறு பணித்தார். அவர்தாம் வலஸ் கிளெமன்ற் சேபின். ஒகையோ மாநிலத்தில் 1868இற் பிறந்து, பதினெட்டாம் வயதிலேயே பட்டம் பெற்றவர். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. ஒலியியலை அதுவரை அவர் தம் துறையாகக் கொண்டவருமல்லர்.

சேபின் முதலிற் செய்தது நோயை அளந்தறிதல். ஆள் இல்லாத அம்மண்டபத்திலே சாதாரண குரலிற் பேசிய ஒரு சொல், பேசி முடிந்தபின்னும் ஏறத்தாழ ஐந்தரைச் செக்கன் நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர் தூரம் செல்லும். ஆகவே அந்த ஐந்தரைச் செக்கனில் அவ்வொலி சுவருக்குச் சுவர் தெறித்து 1,800 மீற்றருக்கு மேல் ஓடித் திரிந்தது என்பது பெறப்படும். அதற்கிடையில் நிதானமாகப் பேசுபவர்கூட இன்னும் பன்னிரண்டு பதினைந்து அசைகளைச் சொல்லிவிடுவார். பழைய அசைகள் மடியுமுன் புதிய அசைகள் பிறந்து, யாவும் ஒரே இரைச்சலாகக் கலந்தன. இவ்வாறு ஒலி நின்றபின்னும் அறையிலே தங்கி முழங்குதலை எதிர்முழக்கம் என்பர். தனியே பிரிந்து கேட்கும் எதிரொலியினின்று இது வேறானது.

எதிர்முழக்கம் சொல்லை எவ்வாறு கொல்கின்றது என்பதைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கல், கள், கண் என்னும் மூன்று சொற்களிலும் முன்னிற்கும் எழுத்து ஒன்றே. பொருளை வேறுபடுத்துவது ஈற்றில் நிற்கும் மெய்யெழுத்து. உயிரொலி வலியது, நீண்டு ஒலிப்பது. மெய்யொலியோ பெரும்பாலும் மெலியது, கணப்பொழுதில் மறைவது. அறையில் உயிரொலிகள் தங்கி முழங்கும்போது, பின்வரும் மெல்லிய மெய்யொலிகள் அவற்றுள் அமிழ்ந்துபோகின்றன. பேசுவோர் குரலை உயர்த்தினாலோ உயிரொலியே மேலும் உரத்து, அமிழ்த்தும் வெள்ளம் பெருகுமேயன்றித் தணியாது. ஃபொக் மண்டபத்து விரிவுரையாளர்கள் உரத்துப் பேசப் பேச விளக்கம் குறைந்ததற்குக் காரணம் இதுவே.

அதே பல்கலைக்கழகத்தில், அக்கட்டடத்துக்கு அண்மையிலே சாண்டர்ஸ் அரங்கு என்னும் பெரிய மண்டபம் இருந்தது. அது இதனினும் பன்மடங்கு பெரியது. அமைப்பிலும் பெரிதும் ஒத்தது. ஆயினும் அங்கே பேச்சு நன்றாகக் கேட்டது. சாண்டர்ஸ் அரங்கின் உட்புறம் பெரும்பாலும் மரத்தால் ஆனது. ஃபொக் மண்டபத்தின் உட்புறமோ ஓட்டின்மீது பூசிய கடுஞ் சாந்து. மேலும், சாண்டர்ஸ் அரங்கின் ஆசனங்களில் மெத்தைகள் இருந்தன. வடிவமன்று, பொருளே காரணம் என்ற ஐயம் சேபினின் மனத்தில் எழுந்தது. அம்மெத்தைகளையே அவர் தம் அளவுகோலாக்கிக்கொண்டார்.

பகற்பொழுதில் வீதியின் இரைச்சலும் மாணாக்கரின் நடமாட்டமும் செவிக்கு இடையூறாயின. ஆகவே நள்ளிரவு கடந்து வீதிவண்டிகள் ஓய்ந்தபின், விடியுமுன்னுள்ள சில மணி நேரமே பரிசோதனைக்கு உரியதாயிற்று. ஒவ்வோர் இரவும் சாண்டர்ஸ் அரங்கினின்று மெத்தைகளைச் சுமந்துவந்து ஃபொக் மண்டபத்திற் பரப்புவார்கள். விடியுமுன் அவற்றைத் திரும்பவும் உரிய இடத்திற் சேர்ப்பார்கள். ஒலி தரும் கருவி ஓர்கன் வாத்தியத்தின் குழாய் ஒன்று. அது செக்கனுக்கு 512 அதிர்வுகளை எழுப்புவது. அழுத்தம் மாறாத காற்றினால் அதனை ஊதச்செய்து, நிறுத்திய கணத்தினின்று ஒலி செவிக்கு அறவே மறையும் கணம் வரை சென்ற நேரத்தை ஒரு பதிகருவி குறித்தது. இன்று மின்கருவிகள் செய்யும் வேலையை அன்று செய்தது சேபினின் செவி ஒன்றே. அச்செவியின் நுண்மை வியக்கத்தக்கது. ஒரே அளவீட்டைப் பன்முறை செய்தபோது விடைகள் செக்கனின் சிறு பின்னங்களாலேயே வேறுபட்டன.

மெத்தைகள் ஏற ஏற எதிர்முழக்கம் இறங்கியது. வெறும் மண்டபத்தில் 5.6 செக்கனாக இருந்த நேரம், ஆசனங்கள், நடைவழிகள், மேடை, பின்சுவர் யாவும் மெத்தைகளால் மூடப்பட்ட இரவிலே ஏறக்குறைய 1.1 செக்கனாகச் சுருங்கியது. மெத்தையை மண்டபத்தின் எப்பகுதியில் வைத்தாலும் பயன் பெரும்பாலும் ஒன்றே. குழாயை எங்கே வைத்தாலும் நேரம் ஒன்றே. கேட்போன் எங்கே நின்றாலும் நேரம் ஒன்றே என்பனவும் தெளிவாயின. ஒலி அறை முழுவதும் பரவி நிறைந்து, எங்கும் ஒரு தன்மையாகவே தேய்ந்துபோகின்றது என்பதே இதன் பொருள்.

இவ்வாராய்ச்சியின் கடுமைக்கு ஒரு செய்தி சான்றாகும். அளவீடுகள் சில இரவுகளிற் சிறிதளவு முரண்பட்டன. காரணத்தைத் தேடிய சேபின், தாம் அணிந்திருந்த உடையே அது என்று கண்டார். ஒருவன் உடுத்த கம்பளி உடை எவ்வளவு ஒலியை உண்ணும் என்று எவரும் எண்ணார். ஆனால் அந்தச் சிறு வேறுபாடும் அவர் கணக்கிலே தென்பட்டது. உடை மாறி எடுத்த ஆயிரக்கணக்கான அளவீடுகளை அவர் தயங்காது தள்ளிவிட்டு, அன்றுமுதல் பரிசோதனைக்கு ஒரே வகை உடையையே அணிந்து, பணியை முதலிலிருந்து தொடங்கினார். மாதக்கணக்கான உழைப்பைத் தன் கையாலேயே அழித்தெழுதும் நேர்மை இருந்தவிடத்தேதான் விதி வெளிப்பட்டது.

எலியற் பொறுமையிழந்து வற்புறுத்தவே, மண்டபத்தின் சுவர்ப்பரப்புச் சிலவற்றில் கம்பளிப் படலம் ஒட்டுவித்துச் சேபின் அதனைப் பயன்பாட்டுக்குரியதாக்கினார். மிகச் சிறந்த மண்டபமாகாவிடினும் வேலைக்கு உதவும் மண்டபமாயிற்று என்பதே அவர் தம் பணிக்கு அளித்த மதிப்பு. அவரது ஆசை அவ்வளவில் அடங்கவில்லை. கட்டிய மண்டபத்தைத் திருத்துவது மருத்துவம். கட்டாத மண்டபத்தின் ஒலியை முன்கூட்டியே சொல்வதன்றோ விஞ்ஞானம்?

அதற்குரிய வாய்ப்பு 1898இல் வந்தது. பொஸ்டன் இசைக்குழுவை 1881இல் நிறுவிய செல்வரான ஹென்றி ஹிகின்சன், அக்குழுவுக்கெனப் புதிய மண்டபமொன்று கட்ட முயன்றுகொண்டிருந்தார். மக்கிம் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கிரேக்க அரங்கைப் பின்பற்றி ஒரு படம் வரைந்திருந்தார். ஒலி எவ்வாறிருக்கும் என்று உறுதி கூற வல்லார் எவருமில்லாததால் ஹிகின்சன் தயங்கினார். எலியற், சேபினின் பெயரைச் சொன்னார். சேபினும் முதலிலே தயங்கினார். அளவீடுகள் குவிந்திருந்தனவேயன்றி, அவற்றை ஒன்றாகக் கட்டும் சூத்திரம் இன்னும் கைவரவில்லை. குறிப்பேடுகளை மீண்டும் மீண்டும் புரட்டிய அவர், அக்டோபர் மாத இறுதியில் ஓரிரவிலே, அவ்வெண்களை வரைபடமாக்கினால் வருவது அதிபரவளைவு என்பதைத் திடீரெனக் கண்டு, வீட்டிலிருந்த தம் அன்னையிடம் அந்நற்செய்தியை உரத்துக் கூறினார் என்பர். உடனே எலியற்றுக்கு எழுதிப் பணியை ஏற்றுக்கொண்டார்.

அவர் கண்ட விதி எளியது. அறையின் சுவர்கள் உறிஞ்சும் ஒலியையும் உள்ளிருக்கும் பொருள்கள் உறிஞ்சும் ஒலியையும் கூட்டி, எதிர்முழக்க நேரத்தாற் பெருக்கினால், அவ்வறைக்கு என்றும் மாறாத ஓர் எண் வரும். சிறிய அறை முதல் சாண்டர்ஸ் அரங்கு வரை பலவற்றில் அளந்து பார்த்தபோது, அவ்வெண் அறையின் கனவளவுக்கு நேர்விகிதமானது என்பதும் புலனாயிற்று. உறிஞ்சலை அளக்க உலகம் முழுவதற்கும் பொதுவான அலகு வேண்டுமே. சாண்டர்ஸ் அரங்கின் மெத்தை எல்லா நாட்டிலும் கிடைக்குமா? சேபின் தேர்ந்தது திறந்த சாளரத்தை. அதனூடு சென்ற ஒலி திரும்பி வாராது. ஆதலின் அது ஒலியை முற்றாக உண்பதற்குச் சமம். செங்கற் சாந்துச் சுவரும் கண்ணாடியும் தம்மேற் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குகூட உண்பதில்லை. அவையிலமர்ந்த ஒரு மனிதனோ ஏறத்தாழ அரைச் சதுர மீற்றர் திறந்த சாளரத்துக்கு ஈடாவான். கூட்டம் நிறைந்த மண்டபத்திற் பேச்சு விளங்குவதும், வெறிதான மண்டபம் முழங்குவதும் இதனாலேயே.

கணக்கை ஓர் உதாரணத்தாற் காணலாம். 8 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் 4 மீற்றர் உயரமுமுள்ள வகுப்பறையொன்றின் கனவளவு 192 கன மீற்றர். அதனை 0.16ஆற் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சலாற் பிரித்தால் எதிர்முழக்க நேரம் செக்கனில் வரும். வெறும் சுவர்கள் மட்டும் 10 சதுர மீற்றர் திறந்த சாளரத்துக்குச் சமமாக உறிஞ்சுமாயின் விடை ஏறத்தாழ 3 செக்கன். அவ்வறையிற் பாடம் நடத்தல் அரிது. மாணாக்கரும் திரைச்சீலைகளும் சேர்ந்து மேலும் 20 சதுர மீற்றர் கூடினால் விடை ஒரு செக்கனாகிவிடும். இன்று எதிர்முழக்க நேரம் என்பது, ஒலியின் வலிமை பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைவதற்குச் செல்லும் நேரம் என்று வரையறுக்கப்படுகின்றது.

இந்தக் கணக்கைக் கையிற்கொண்டு சேபின் பொஸ்டன் மண்டபத்தின் படத்தை ஆராய்ந்தார். கிரேக்க வடிவம் கைவிடப்பட்டது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்திலே 1884இல் எழுந்த கெவண்ட்ஹவுஸ் இசைமண்டபம் மாதிரியாகக் கொள்ளப்பட்டது. ஆனால் அங்கே ஏறக்குறைய 1,500 பேருக்கே இடமிருந்தது; பொஸ்டனுக்கோ 2,600 ஆசனங்கள் வேண்டும். மாதிரியை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்திற் பெருப்பித்தால் கனவளவு மிகுந்து எதிர்முழக்கம் அளவு கடக்கும் என்பதைச் சேபினின் கணக்கு முன்னரே காட்டியது. ஆகவே உயரத்தை அடக்கி, நீளத்தைக் கூட்டினார்கள். 75 அடி அகலமும், 61 அடி உயரமும், மேடையின் முன்விளிம்பினின்று பின்சுவர் வரை 125 அடி நீளமுமாகப் பெட்டி வடிவில் மண்டபம் எழுந்தது. மேடையின் சுவர்களும் கூரையும் இசையை அவையை நோக்கி அனுப்புமாறு உட்சாய்வாக அமைந்தன. மேல்மாடங்கள் ஆழமின்றி ஒடுங்கி நின்றன. சுவரின் மேற்பகுதியிலுள்ள மாடங்களில் 16 சிலைகள் நிறுத்தப்பட்டன. அழகுக்காக வைத்த அச்சிலைகளும் கூரையின் பள்ளங்களும் ஒலியைச் சிதறடித்து மென்மையாக்கவும் துணைசெய்தன.

1900ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் மண்டபம் திறக்கப்பெற்றது. வில்ஹெல்ம் கெரிக்கே தலைமையில் பேதோவனின் பெரும் பூசைப்பாடல் ஒலித்தது. ஒலியியல் விதியை முன்வைத்துக் கணித்துக் கட்டிய முதல் இசைமண்டபம் உலகத்தின் முன் நின்றது. புகழ் உடனே வந்துவிடவில்லை. பழைய மண்டபத்தின் ஒலிக்குப் பழகிய விமரிசகர் சிலர் குறை கூறினர். அவர் கணித்த 2.31 செக்கனிலும் சற்றுக் குறைவாக, நிறைந்த அவையில் ஏறத்தாழ 1.9 செக்கனே அம்மண்டபத்தின் எதிர்முழக்க நேரம் என்பதைப் பிற்காலத்துக் கருவிகள் காட்டின. ஆயினும் காலஞ் செல்லச் செல்ல இசைவாணர்கள் அதன் அருமையை உணர்ந்தனர். இன்று வியன்னாவின் இசைச்சங்க மண்டபத்தோடும் அம்ஸ்டர்டாமின் இசைமண்டபத்தோடும் சேர்த்து, உலகின் தலைசிறந்த மண்டபங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகின்றது. அதற்கு மாதிரியாக நின்ற லைப்சிக் மண்டபம் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தது. அதன் ஒலிநலத்தின் நினைவு பொஸ்டனிலே உயிர்வாழ்கின்றது எனலாம்.

சேபின் கவனித்த மற்றுமொரு பிரச்சினை, ஓர் அறையின் ஒலி மற்றோர் அறைக்குள் நுழையாது தடுத்தல். 1915இல் இதுபற்றி அவர் தனிக் கட்டுரை வெளியிட்டார். ஒலியை உறிஞ்சுதலும் ஒலியைத் தடுத்தலும் ஒன்றென்று கருதுவது இன்றும் பலரிடம் காணப்படும் மயக்கம். மெல்லிய கம்பளத்தையோ பஞ்சுப் பலகையையோ சுவரில் ஒட்டினால் அறைக்குள்ளே முழக்கம் குறையும்; அடுத்த வீட்டாரின் இரைச்சல் குறையாது. தடுப்பதற்கு வேண்டியது பாரம். சுவரின் பாரம் இரட்டித்தால், ஊடுசெல்லும் ஒலியின் வலிமை ஏறத்தாழ நாலில் ஒன்றாகும். அதனினும் சிறந்தது, ஒன்றையொன்று தொடாத இரு சுவர்களை இடையே காற்று வெளிவிட்டு எழுப்புதல். ஆனால் கதவின் கீழுள்ள சிறு இடுக்கோ, சுவரிலுள்ள ஒரு துளையோ போதும், அவ்வுழைப்பு வீணாக. ஓட்டைக் குடத்தில் நீர் நில்லாததுபோல ஒட்டைச் சுவரின்முன் ஒலியும் நில்லாது.

குவஸ்தாவினோ என்னும் கட்டட வல்லுநரோடு சேர்ந்து, ஒலியை உண்ணும் நுண்துளை ஓடுகளையும் சேபின் உருவாக்கினார். 1913இல் நிறைவெய்திய நியூயோர்க் சென் தோமஸ் தேவாலயத்திலே அவை பதிக்கப்பட்டன. முதலாம் உலகப் போர் மூண்டபோது நாட்டின் விமானப் பணிகளில் ஓய்வின்றி உழைத்து உடல்நலங் கெட்ட அவர், 1919 ஜனவரி 10ஆம் நாள் தம் ஐம்பதாம் வயதிற் காலமானார். அவருக்கெனவே இலினோய் மாநிலத்திற் கட்டப்பட்ட ஒலியியல் ஆய்வுகூடத்தில் அவர் பணிசெய்யக் கொடுத்துவைக்கவில்லை. அவர் உறவினரான போல் சேபின் அதனை நடத்தினார். அவரது கட்டுரைகள் 1922இல் நூலாகத் தொகுக்கப்பட்டன. உறிஞ்சலை அளக்கும் அலகு இன்று சேபின் என்ற பெயராலேயே வழங்குகின்றது.

அவர் மறைந்த சில ஆண்டுகளுள் வானொலி தோன்றி, இவ்வறிவுக்குப் புதியதொரு தேவையை உண்டாக்கியது. மனிதனுக்குச் செவி இரண்டு. வேண்டிய திசையின் ஒலியைப் பற்றிக்கொண்டு வேண்டாததை ஓரளவு ஒதுக்க அவன் மனம் வல்லது. ஒலிவாங்கி ஒன்றுக்கோ அப்பகுத்தறிவு இல்லை. அறையின் முழக்கத்தையும் பேசுவோர் குரலையும் ஒருங்கே அள்ளிக்கொள்ளும். ஆகவே பிரித்தானிய ஒலிபரப்பு நிலையத்தார் 1923இல் லண்டன் சவோய் ஹில்லில் கலையகங்கள் அமைத்தபோது, சுவர்களையும் கூரையையும் தடித்த துணி அடுக்குகளால் மூடினர். பேச்சுக்கு அது ஒருவாறு பொருந்தியது. இசைவாணரோ தம் குரல் தம் வாயிலேயே அற்றுப்போவதாக உணர்ந்து இடர்ப்பட்டனர். துணி உச்ச ஒலிகளை விரைந்து உண்ணும். தாழ்ந்த ஒலிகளை விட்டுவிடும். எனவே எஞ்சிய இசை ஒளி மங்கிக் கேட்டது. முழக்கம் மிகுதலும் குற்றம், முழக்கம் அறுதலும் குற்றம் என்பதை அவ்வனுபவம் கற்பித்தது. 1932இல் அவர்கள் கட்டிய ஒலிபரப்பு மாளிகையிலே, கலையகங்களைக் கட்டடத்தின் நடுவிலே தடித்த செங்கற் சுவர்களுள் வைத்து, அலுவலக அறைகளைச் சுற்றிலும் அரண்போல அமைத்து வீதியிரைச்சலைத் தடுத்தனர். பேச்சுக்கு ஒன்று, நாடகத்துக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என்று வெவ்வேறு முழக்க அளவுடைய அறைகளையும் வகுத்தனர். நேயர் ஒருவர் தம் வீட்டிலிருந்து கேட்கும் குரல், பேசுவோரின் குரல் மட்டுமன்று. அவர் அமர்ந்த அறையின் குரலுமாகும்.

ஒரு சூத்திரம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று கருதுதலும் தவறு. 1962 செப்டெம்பரில் நியூயோர்க்கில் பில்ஹார்மோனிக் மண்டபம் திறக்கப்பெற்றது. உலகத்தின் இசைமண்டபங்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்த லியோ பெரனெக் அதற்கு ஆலோசகராயிருந்தார். ஆனால் கட்டும்போது ஆசனங்களைக் கூட்டும்பொருட்டு வடிவம் மாற்றப்பட்டது. இசை மெலிந்தும் தாழ்சுரங்கள் குன்றியும் கேட்டன. பன்முறை திருத்தியும் பயனின்றி, 1976இல் உட்புறம் முழுவதையும் இடித்துக் கட்டினர். 2022இல் மீண்டும் ஒருமுறை கட்டினர். எதிர்முழக்க நேரம் ஒன்றே போதாது. பக்கச் சுவர்களினின்று விரைந்து வரும் தெறிப்புக்களே கேட்போனை இசை சூழ்ந்திருக்கும் உணர்வைத் தருகின்றன என்பதை 1967இல் ஹரல்ட் மார்ஷல் எடுத்துக்காட்டினார். ஒடுங்கிய பெட்டி வடிவான பொஸ்டன் மண்டபம், எவரும் அதனைக் கணிக்குமுன்பே அந்நலத்தையும் பெற்றிருந்தது. விதி அறிந்தவன் பணிவையும் அறிதல் வேண்டும் என்பதற்கு இம்மண்டபங்களே சான்று.

ஆயினும் சேபினின் பணி இசையைக் கேட்கச் சென்ற செல்வர்களுக்காகத் தொடங்கியதன்று என்பதை மறத்தலாகாது. பாடம் விளங்காத மாணாக்கருக்காகத் தொடங்கியது. வளர்ந்தோர் பேச்சிற் பாதி காதில் விழாவிடினும் பழகிய மொழியறிவைக்கொண்டு மீதியை ஊகித்துக்கொள்வர். புதிய சொல்லை முதன்முறையாகக் கேட்கும் சிறுவனுக்கு அவ்வூகம் இல்லை. மணத்தை மனமென்று கேட்டால் அவன் மனமென்றே கற்பான். செவிப்புலன் சற்றுக் குறைந்த பிள்ளைக்கோ இடர் இன்னும் பெரிது. சாதாரண அளவுள்ள வகுப்பறையின் எதிர்முழக்கம் 0.6 செக்கனுக்கு மேற்படலாகாது என்று அமெரிக்க நியமமொன்று 2002இல் விதித்ததும் இக்கருத்துப் பற்றியே. அதற்குப் பெருஞ் செலவு வேண்டுமென்பதில்லை. கூரையின் கீழே ஒலியுண்ணும் பலகை, பின்சுவரிலே தடித்த துணி அல்லது நூல் நிறைந்த அலுமாரி, இடுக்கின்றி மூடும் கதவு என்பனவே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும்.

கட்டடம் கட்டுவோர் வெயிலுக்கு நிழலும் மழைக்குக் கூரையும் எண்ணுகின்றனர். காற்றுக்குச் சாளரமும் வெளிச்சத்துக்குத் திசையும் எண்ணுகின்றனர். கற்பிக்கும் இடத்திலும் நீதி உரைக்கும் இடத்திலும் வழிபடும் இடத்திலும் மனிதர் கூடுவது ஒருவர் சொல்லை ஒருவர் கேட்பதற்கே. அச்சொல் செல்லும் வழியையும் படத்திலே வரைந்துகொண்டு அடிக்கல் நாட்டுதல் அவர்தம் கடனாகும். ஃபொக் மண்டபம் 1973இல் இடிக்கப்பட்டுவிட்டது. அதன் சுவர்களின் குற்றத்தினாற் பிறந்த விதியோ, உலகத்தின் எம்மூலையில் நல்ல மண்டபம் எழுந்தாலும் அங்கே ஒரு மூலைக்கல்லாய் நிற்கின்றது.